ஆல்-இன்: தைரியம் எங்கே முடிகிறது, அசட்டுத் துணிச்சல் எங்கே தொடங்குகிறது?

கேள்வி: நண்பர்களுடன் வாரந்தோறும் நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை) ஆடுகிறேன். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 1-2, ஆளுக்கு 200 சிப். போன வாரம் பட்டன் இடத்தில் (பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகு கடைசியாக முடிவெடுக்கும் இருக்கை) இருந்தேன். கையில் ஸ்பேட் ஜாக், ஸ்பேட் 10. முன் இருக்கைக்காரர் 6 என்று உயர்த்தினார். நான் கால் செய்தேன் (அதே தொகையை வைத்தேன்), மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஸ்பேட் கிங், ஸ்பேட் 7, டைமண்ட் 2. அவர் 10 வைத்தார், கால் செய்தேன். டர்னில் (நான்காவது சீட்டு) ஹார்ட் 4. அவர் 25 வைத்தார். மிச்சமிருந்த 184ஐயும் தள்ளினேன், அதாவது ஆல்-இன். சற்று யோசித்துவிட்டு ஏஸ்-கிங்கோடு கால் செய்தார். ரிவரில் (கடைசி, ஐந்தாவது சீட்டு) ஸ்பேட் வரவில்லை. மேசையே சிரித்தது. அதற்கு முன்பு ஒருமுறை இதேபோலத் தள்ளி வேறொருவரை விலகவைத்தபோது இதே ஆட்கள்தான் கைதட்டினார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது? இன்னொன்று: ஒரு டோர்னமென்டில் நான்கு பேர் மீதமிருந்தோம், மூவருக்குப் பரிசு, எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு சிப். ஒருவர் ஆல்-இன் போனார். ஏஸ்-கிங்கோடு கால் செய்து வெளியேறினேன். ஏஸ்-கிங்கைக்கூட ஆடக்கூடாதா? இந்த ஆட்டத்துக்கென்று நான் ஒதுக்கியிருப்பது மொத்தம் 1,000 சிப்புக்கான பணம். கடைசியாக, பிளஃப் (பலமில்லாத கையோடு பந்தயம் வைத்து எதிரியை விலகவைப்பது) பலித்தால் சீட்டைத் திருப்பிக் காட்டலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

சிரிப்பையும் கைதட்டலையும் முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். ரிவரில் ஒரு ஸ்பேட் விழுந்திருந்தால் அதே மேசை உங்களைத் தலையில் தூக்கி வைத்திருக்கும். நீங்கள் எடுத்த முடிவு மட்டும் அப்படியேதான் இருந்திருக்கும். ஒரு ஆல்-இன் சரியா தவறா என்பது சிப் நடுவுக்குப் போகும் நொடியிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த நொடியில் உங்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். எந்தெந்தக் கைகளை வைத்துக்கொண்டு எதிரி விலகுவார்? விலகாவிட்டால் உங்களுக்கு எத்தனை சதவீதம் மிச்சம்? இரண்டுக்கும் பதில் இருந்தால் 184 சிப் தள்ளுவதும் நிதானமான ஆட்டம். பதில் இல்லாமல் வைத்தால் 10 சிப்கூட குருட்டாம்போக்கு.

உங்கள் கைக்கு வருமுன் விலைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கையில் ஒன்றுமே இல்லாமல் பிளஃப் வைக்கும்போது, அது எத்தனை சதவீதம் பலித்தால் நட்டமில்லை என்பதற்கு எளிய வழி உண்டு. நீங்கள் வைக்கும் தொகையை, அந்தத் தொகையும் பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயப் பணத்தில், ஏற்கெனவே இருப்பதும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். பாட்டில் பாதி வைத்தால் மூன்றில் ஒரு முறை அவர் விலக வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் 40 சதவீதம், பாட் அளவே வைத்தால் 50. பாட்டைப்போல இரண்டு மடங்கு வைத்தால் மூன்றுக்கு இரண்டு முறை. பெரிய தொகை எதிரியை அதிகம் பயமுறுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையும் கூடவே ஏறுகிறது.

இனி உங்கள் கை. டர்னில் அவர் 25 வைத்த பிறகு பாட்டில் 60 இருக்கிறது. ஃப்ளாப்புக்கு முன் சேர்ந்தது 15, ஃப்ளாப்பில் 20, இப்போது 25. உங்களிடம் 184. அந்த 60ஐப் பிடிக்க 184ஐ வைக்கிறீர்கள், அதாவது பாட்டைப்போல மூன்று மடங்கு. கையில் ஒன்றுமே இல்லாதிருந்தால் இந்த ஆல்-இன் நட்டமில்லாமல் முடிய அவர் 75 சதவீதம் விலகியாக வேண்டும்.

உங்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஃப்ளஷ் டிரா இருந்தது, அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு (ஃப்ளஷ்) சேர இன்னும் ஒரு ஸ்பேட் போதும். உங்கள் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் 9 ஸ்பேட். கிட்டத்தட்ட 19.6 சதவீதம். அவர் கால் செய்தால் மொத்தப் பாட் 403. அதில் உங்கள் பங்கு சராசரியாக 79 சிப். 184 போட்டு 79 எடுத்தால் நட்டம் 105. அவர் விலகினால் லாபம் 60. இரண்டையும் சமன் செய்து பார்த்தால் அவர் 64 சதவீதம் விலகினால்தான் உங்களுக்குக் கையைக் கடிக்காது. டிரா இருந்ததால் 75 என்பது 64 ஆகக் குறைந்திருக்கிறது. அதுவே பெரிய உதவிதான். செமி-பிளஃப் என்று தனிப்பெயர் வைத்து ஆட்டக்காரர்கள் அதைக் கொண்டாடுவதும் இதனால்தான். ஆனால் 64 சதவீதம் விலகுவாரா?

அதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். முன் இருக்கையிலிருந்து உயர்த்தி, கிங் விழுந்த ஃப்ளாப்பிலும் வைத்து, டர்னிலும் மறுபடி வைப்பவர் கையில் என்னென்ன இருக்கலாம்? கையில் கிங் ஜோடி இருந்து மேசைக் கிங்கோடு மூன்றாக (செட்) ஆனது 3 சேர்க்கை, 7 ஜோடியில் 3, 2 ஜோடியில் 3. ஏஸ் ஜோடி 6. ஏஸ்-கிங்கில் 12, ஏனென்றால் மேசையில் ஒரு கிங் போக மூன்றுதான் மிச்சம். இதுவரை 27. இவற்றில் ஒன்றைக்கூட அவர் விடமாட்டார். கிங்-குயின் 12, குயின் ஜோடி 6, ஏஸ்-குயின், ஏஸ்-9 போன்ற ஸ்பேட் டிராக்கள் ஒரு 6 என்று வைப்போம். இந்த 24ஐயும் அவர் விட்டுவிடுவார் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் 51க்கு 24, அதாவது 47 சதவீதம். தேவை 64. ஒவ்வொரு முறை இப்படித் தள்ளும்போதும் சராசரியாக 27 சிப், அதாவது சுமார் 14 பிக் பிளைண்ட் (பெரிய பிளைண்ட், இங்கே 2 சிப்) போகிறது. ஜோடி கிடைத்தால் விடாத ஆள் என்றால் கிங்-குயினையும் விடமாட்டார். அப்போது விலகல் 24 சதவீதத்துக்கு இறங்கி, சராசரி நட்டம் 66 சிப்பைத் தாண்டிவிடும்.

இதிலும் உங்களுக்குச் சாதகமாகவே கணக்குப் போட்டிருக்கிறேன். அவர் ஏஸ்-கிங்கில் இருப்பது ஸ்பேட் ஏஸ் என்றால் உங்களுக்கு 9 இல்லை, 8 அவுட்தான் (வந்தால் உங்களை வெல்லவைக்கும் சீட்டு). அவரிடம் செட் இருந்தால் ஸ்பேட் 2, ஸ்பேட் 4 போன்ற சீட்டுகள் உங்களுக்கு ஃப்ளஷ்ஷைக் கொடுக்கும்போதே மேசையில் ஜோடி சேர்த்து அவருக்கு ஃப்ளஷ்ஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் கொடுத்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு ஸ்பேட் உங்கள் கையிலேயே இருப்பதால், அவரிடம் ஸ்பேட் டிரா இருக்கும் வாய்ப்பு குறைகிறது. நீங்கள் தள்ளினால் விலகக்கூடியவை அந்த டிராக்கள்தான். விலகும் கைகளை நீங்களே பாதி அடைத்து வைத்துக்கொண்டு விலகச் சொல்கிறீர்கள்.

ஆகவே என் தீர்ப்பு: டர்னில் செய்தது அசட்டுத் துணிச்சல். ஆனால் எண்ணமே கோணல் என்று சொல்ல மாட்டேன். நேரமும் ஆளும்தான் தவறு.

நேரத்தை முதலில் பார்ப்போம். இதே ஜாக்-10ஐ வைத்துக்கொண்டு ஃப்ளாப்பில் உயர்த்தியிருந்தால் கதை வேறு. அங்கே இரண்டு சீட்டு வர வேண்டியிருக்கிறது. 9 அவுட்டுக்கு 35 சதவீதம். மேசையில் உட்கார்ந்தபடி போட ஒரு சுருக்குவழி: ஃப்ளாப்பில் அவுட்டை நான்கால் பெருக்குங்கள், டர்னில் இரண்டால். 36ம் 18ம் வரும், அவ்வளவு துல்லியம் போதும். ஒரு சீட்டு கழிந்தவுடன் உங்கள் டிரா பாதியாகச் சுருங்கிவிடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அதைவிட முக்கியம், ஃப்ளாப்பில் அவருடைய ரேஞ்ச் (அவரிடம் இருக்கக்கூடிய கைகளின் பட்டியல்) எவ்வளவு தளர்வாக இருந்தது என்பது. உயர்த்தியவர் ஃப்ளாப்பில் ஒரு பந்தயம் வைப்பது பழக்கதோஷம். கிங்கைத் தொடாத ஏஸ்-குயின் 15 சேர்க்கை, ஏஸ்-ஜாக் 12, அத்தோடு 9 ஜோடி, 8 ஜோடி எல்லாம் அந்த 10 சிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பாட்டில் 25. நீங்கள் 32 ஆக உயர்த்தினால், வெறும் பிளஃப்பாக இருந்தாலும் 56 சதவீத விலகல் போதும். 35 சதவீத டிரா இருப்பதால், கால் வந்து மிச்ச இரண்டு சீட்டையும் செலவில்லாமல் பார்க்கக் கிடைத்தால் 15 சதவீதமே போதும். நிஜத்தில் டர்னில் மறுபடி பந்தயம் வரும், சில சமயம் அவர் திருப்பி ஆல்-இன் போவார். அதனால் 30, 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எட்டக்கூடிய இலக்கு. அவர் டர்னில் இரண்டாவது முறை வைத்தபோதே அந்த ஏஸ்-குயினும் 9 ஜோடியும் பெரும்பாலும் கழன்றுபோயிருந்தன. விலகக்கூடிய கைகள் இருந்தபோது கால் செய்துவிட்டு, அவை போன பிறகு ஆல்-இன் தள்ளியிருக்கிறீர்கள். கிளப் ஆட்டங்களில் நான் மிக அதிகம் பார்க்கும் தவறு இதுதான். துணிச்சல் ஒரு சீட்டு தாமதமாக வருகிறது.

ஃப்ளாப்பில் 32 வைப்பதானால் அவர் ஆல்-இன் திருப்பினால் என்ன செய்வது என்பதையும் வைக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். 162 போட்டு 241ஐப் பிடிக்க வேண்டியிருக்கும். தேவை 40 சதவீதம், இருப்பது 35. விலகுங்கள். 32 போனதுதான், அதோடு முடிந்தது. இந்த மாதிரி வாசல் இருக்கும் உயர்த்தலைத்தான் நான் விரும்புவேன். ஆல்-இன்னில் வாசலே கிடையாது.

அடுத்தது ஆள். ஜோடியை விடாத ஒருவரை பிளஃப்பால் விரட்டுவது நடக்காத காரியம். ஆனால் அதே பிடிவாதம் வேறு வழியில் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும். டர்னில் 25ஐக் கால் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 25 போட்டு 60ஐப் பிடிக்க 29 சதவீதம் தேவை, உங்களிடம் 19.6. நேர்க்கணக்கில் கட்டுப்படியாகாது. ஆனால் ஸ்பேட் விழும்போதெல்லாம் ரிவரில் சராசரியாக 43 சிப் கூடுதலாகக் கறந்தால் கட்டிவிடும். அவரிடம் இன்னும் 159 இருக்கிறது. ஏஸ்-கிங்கை விடாத ஆள், ஸ்பேட் விழுந்த பிறகும் 60, 70 வைத்தால் முணுமுணுத்துக்கொண்டே கால் செய்வார். அவருக்கு எதிராகச் சரியான ஆட்டம் கால்தான். எளிதில் விலகும் ஆளாக இருந்தால் நேர் எதிர். அவர் ரிவரில் பணம் தரமாட்டார், ஆகவே கால் லாபமில்லை. ஆனால் அவரை ஃப்ளாப்பிலேயே விரட்டிவிடலாம். நீங்கள் முன்பு விலகவைத்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று எழுதவில்லை. ஒரே சீட்டு, ஒரே தொகை, ஆனால் எதிரே இருந்தவர் வேறு என்பதை மறக்க வேண்டாம். கைதட்டு வாங்கியது சரியான ஆட்டமாகவே இருந்திருக்கலாம்.

இதற்கு எல்லோரும் அறிந்த ஒரு எடுத்துக்காட்டு, 2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட்டின் கடைசி இருவர் ஆட்டம். கிறிஸ் மணிமேக்கர் கையில் ஸ்பேட் கிங்கும் ஒரு 7ம். எதிரே தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா, கையில் குயின்-9, அதாவது மேசையின் மிகப் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி. டர்னில் மணிமேக்கருக்கு ஃப்ளஷ் டிராவும் இருமுனை ஸ்ட்ரெய்ட் டிராவும் (இரு பக்கத்தில் எது வந்தாலும் ஐந்து சீட்டு வரிசையாகும்) சேர்ந்தன. அவர் கண்ணுக்குத் தெரிந்தவரை 15 அவுட், மூன்றில் ஒரு பங்கு. அங்கே உயர்த்தினார். ரிவரில் எதுவும் வரவில்லை, ஆல்-இன் போனார், ஃபார்ஹா நீண்ட நேரம் யோசித்து விலகினார். மணிமேக்கர் அந்தப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். ரிவர் ஆல்-இன்னைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு டர்ன் உயர்த்தல்தான் பாடமாகத் தெரிகிறது. கையில் 33 சதவீதம் இருக்கும்போதே கதையைச் சொல்லத் தொடங்கினார். ரிவரில் அதைத் தொடர்ந்தார், அவ்வளவே. ஒற்றை ஜோடியை விடத் தெரிந்த ஆட்டக்காரர் எதிரே இருந்தார் என்பதும் அதில் அடக்கம். உங்கள் வார ஆட்டத்து நண்பரிடம் அதே கதையைச் சொன்னால் கால்தான் வரும்.

ரிவர் பிளஃப்புக்கு மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை. அங்கே அவுட் என்று ஒன்றும் கிடையாது, ஆகவே கையில் எந்தச் சீட்டு இருக்கிறது என்பதைவிட எதிரியிடம் எது இருக்க முடியாது என்பதுதான் கணக்கு. மூன்றாவது ஸ்பேட் விழுந்த மேசையில் உங்களிடம் ஸ்பேட் ஏஸ் தனியாக இருந்தால் அது நல்ல பிளஃப் சீட்டு. மிகப் பெரிய ஃப்ளஷ் அவரிடம் இருக்கவே முடியாது என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மாறாக, உங்களைப்போல வராத ஸ்பேட் டிராவோடு ரிவரில் பிளஃப் அடிப்பது பலவீனம். அவர் விலகக்கூடிய வராத டிராக்களை உங்கள் சீட்டே குறைத்துவிடுகிறது. அளவும் முக்கியம். பாட் அளவு வைத்தால், நல்ல கையோடு வைக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு மேல் பிளஃப் வேண்டாம். பாதிப் பாட் என்றால் மூன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் கவனிக்கும் எதிரி கண்ணை மூடிக்கொண்டு கால் செய்தே சம்பாதிப்பார்.

டோர்னமென்ட் கேள்விக்கு வருகிறேன். இங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்களின் உள்ளுணர்வு முழுக்கத் தவறும். ஏஸ்-கிங் ஆயிற்றே, எப்படியும் பாதிக்குப் பாதி என்று நினைத்திருப்பீர்கள். கேஷ் ஆட்டத்தில் (உங்கள் வார ஆட்டம்போல சிப்பே பணமாக இருப்பது) அந்த நினைப்பு ஓரளவு ஓடும். பரிசு வாசலில் ஓடாது.

மொத்தப் பரிசு 100, அது 50, 30, 20 என்று பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் சமமான சிப் என்றால் ஒவ்வொருவரின் மதிப்பும் 25. நீங்கள் கால் செய்து வென்றால் சிப் இரண்டு மடங்கு ஆகிறது. ஆனால் மதிப்பு 50 ஆகாது. முதலிடம் வர 50 சதவீதம், இரண்டாமிடம் வர 33.3, மூன்றாமிடம் வர 16.7. கூட்டிப் பார்த்தால் 38.3தான். தோற்றால் பூஜ்யம். அதாவது 25ஐப் பணயம் வைத்து 13.3ஐப் பிடிக்கிறீர்கள். பிளைண்டை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்தக் காலுக்கு 65.2 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை.

ஒரே இனத்தில் இல்லாத ஏஸ்-கிங், எதிரி சீட்டைப் பார்க்காமலே கண்மூடித்தனமாகத் தள்ளினால்கூட, சுமார் 65 சதவீதம்தான் வெல்லும். அவர் கொஞ்சமாவது பார்த்துத் தள்ளுபவர் என்றால் இன்னும் குறையும். குயின் ஜோடி காட்டினால் 43. ஆக, அந்த இடத்தில் ஏஸ்-கிங்கை மடித்திருக்க வேண்டும். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். ஏஸ் ஜோடி, கிங் ஜோடியோடு தயங்காமல் கால் செய்யலாம். அவர் நிறையத் தள்ளுபவர் என்று தெரிந்தால் குயின் ஜோடி, ஜாக் ஜோடியும் சேரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே ஏஸ்-கிங்கோடு நீங்கள் முதலில் தள்ளியிருந்தால் அது மிகச் சரியான ஆட்டம். உங்களைக் கால் செய்பவருக்குத்தான் 65 சதவீதம் தேவைப்படும், அது அவரிடம் அநேகமாக இருக்காது. ஒரே கை, தள்ளினால் தைரியம், கால் செய்தால் அவசரம். சும்மா உட்கார்ந்திருந்த மற்ற இருவரையும் பாருங்கள். நீங்கள் இருவரும் மோதியதற்கு முன் உங்கள் இருவரின் மதிப்பும் சேர்ந்து 50. மோதிய பிறகு வென்றவரிடம் 38.3, தோற்றவரிடம் பூஜ்யம். காணாமல்போன 11.7 அந்த இருவரின் பையில் 5.8 வீதம் விழுந்தது. ஒரு சீட்டையும் தொடாமல் சம்பாதித்தார்கள். டோர்னமென்டின் இந்தக் கட்டத்தில் வீரமாக மோதிக்கொள்ளும் இருவருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் மேசையில் எப்போதும் இருப்பார்கள். எதிரி இந்தக் கணக்கே தெரியாமல் எதையும் கால் செய்பவர் என்றால் தள்ளுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். அவர் தவறு செய்யும்போது நீங்களும் சேர்ந்தே நட்டப்படுகிறீர்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 1,000 சிப் என்பது ஐந்து பை-இன் (ஒருமுறை மேசையில் உட்கார வாங்கும் 200 சிப்). நோ-லிமிட் ஆட்டத்தில் 100 கைக்கு 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை ஏற்ற இறக்கம் இயல்பு. நீங்கள் நன்றாக ஆடி 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவர் என்றே வைப்போம். 10,000 கையில் எதிர்பார்ப்பு 500 பிக் பிளைண்ட் லாபம், ஊசலாட்டம் மட்டும் சுமார் 900. அதாவது நல்ல ஆட்டக்காரரும் 10,000 கைக்குப் பிறகு நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு பத்தில் மூன்று. நேரடி மேசையில் மணிக்கு 30 கை என்றால் அது 330 மணி நேரத்துக்கு மேல். உங்களிடம் இருப்பதோ மொத்தம் 500 பிக் பிளைண்ட். ஒரு தவறும் செய்யாமலே காலியாகலாம். குறைந்தது 30 பை-இன் சேரும்வரை சிறிய பிளைண்டில் ஆடுங்கள், டோர்னமென்ட் என்றால் 100. வாடகைப் பணமோ கடன் பணமோ அந்தத் தொகையில் கலந்திருந்தால் மேசைக்கே போக வேண்டாம். அப்படிப்பட்ட பணத்தோடு உட்கார்ந்தவர் சரியான பிளஃப்பையும் வைக்கமாட்டார், சரியான காலையும் செய்யமாட்டார். இழந்ததைப் பிடிக்க மட்டும் தள்ளுவார்.

ஒரே இரவில் மூன்று பை-இன் போனால் எழுந்துவிடுங்கள். அதற்கு முன்பே தெரியும் அறிகுறிகள் உண்டு. எதிரி வைத்த தொகையைக் கேட்டுக்கொள்ளும் முன்பே கை சிப்பை எடுக்கிறது. ஆறு பேர் மேசையில் நான்கு கைக்கு ஒன்று ஆடிக்கொண்டிருந்தவர் பாதிக் கைகளில் நுழைகிறார். பந்தய அளவு பாட்டோடு சம்பந்தமில்லாமல் போகிறது. உங்கள் 184கூட, 60 பாட்டுக்கு எவ்வளவு உயர்த்துவது என்று தெரியாததால் எல்லாவற்றையும் தள்ளியதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆல்-இன் முடிவு சொல்வதற்கு எளிது, தொகை யோசிக்க வேண்டாம். அந்த எளிமைதான் அதை அடிக்கடி வாயில் வரவைக்கிறது.

வீட்டுக்குப் போனதும் 50 பிக் பிளைண்டுக்கு மேல் போட்ட கைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வென்றது, தோற்றது வேண்டாம். அவர் எதையெல்லாம் விடுவார் என்று நினைத்தேன், காட்டிய சீட்டு அந்தப் பட்டியலில் இருந்ததா, இவ்வளவு போதும். ஒருவர் பெயருக்கு எதிரே ஒற்றை ஜோடியோடு கால் செய்தது இரண்டு மூன்று முறை சேர்ந்துவிட்டால், அவரிடம் பெரிய பிளஃப்பை நிறுத்திவிட்டு நல்ல கைக்கு மட்டும் பெரிதாக வையுங்கள். எத்தனை பிளஃப் பலித்தது என்ற சதவீதத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்காதீர்கள். பத்து இருபது பிளஃப்பில் அந்த எண் எதையும் சொல்லாது.

பிளஃப்பைக் காட்டலாமா என்று கேட்டீர்கள். பொதுவாக வேண்டாம். நீங்கள் மேலே பார்த்த கணக்கு முழுவதும் அவர் எத்தனை சதவீதம் விலகுவார் என்பதில் நிற்கிறது. சீட்டைத் திருப்பிக் காட்டும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள், அதுவும் இலவசமாக. காட்டித்தான் ஆக வேண்டும் என்ற ஆசை அடங்காவிட்டால், காட்டிய அடுத்த ஒரு மணி நேரத்துக்கு பிளஃப்பை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். வழக்கமாக ரிவரில் செக் செய்யும் (பந்தயம் வைக்காமல் விடும்), கிங்-குயினில் சேர்ந்த ஒற்றை ஜோடி போன்ற நடுத்தரக் கைகளுக்கும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வையுங்கள். உங்கள் மேசையில் நிச்சயம் யாராவது ஒருவர் கால் செய்வார்.